ஓட்டலுக்குத் தினமும் 100 கிலோ கத்தரிக்காய்: கையெழுத்துப் போடும் முன்

வாசகர் கேள்வி: “கும்மிடிப்பூண்டி வட்டத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் இருக்கிறது. சென்னையிலும் சிப்காட் பகுதியிலுமாகப் பத்துக் கிளைகள் வைத்திருக்கும் ஓட்டல்காரர் ஒருவர், ஆண்டு முழுவதும் தினமும் 100 கிலோ கத்தரிக்காய் வேண்டும் என்கிறார். எல்லா நாளும் கிலோ 25 ரூபாய், 30 நாள் கடன். இட்லிக்குக் குண்டு நெல்லும் கேட்கிறார். பக்கத்து நிலத்தை லாரி நிறுத்த வாடகைக்கு விட்டுவிட்டார்கள். வீட்டிலும் அப்படியே செய்துவிடலாம் என்று பேச்சு வருகிறது. ஓட்டல்காரரிடம் கையெழுத்துப் போடலாமா?”

போடலாம். ஆனால் தனி ஆளாகப் போடக் கூடாது. இப்போது சொல்லியிருக்கும் விலைக்கும் கடனுக்கும் போடக் கூடாது. என்ன மாற்ற வேண்டும் என்பதற்கு முன், ஓட்டல்காரர் ஏன் கோயம்பேட்டை விட்டுக் கிராமத்துக்கு வருகிறார் என்று தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் எதை விட்டுக்கொடுப்பது, எதில் பிடிவாதமாக நிற்பது என்பது விளங்கும்.

ஒற்றைக் கடை ஓட்டல்காரருக்குக் கத்தரி விலை ஏறினால் அன்றைக்கு முள்ளங்கி சாம்பார். அவர் காலையில் மார்க்கெட்டில் நின்று முடிவு செய்கிறார். பத்துக் கிளை ஆகிவிட்டால் அது முடியாது. ஓர் இடத்தில் மையச் சமையல்கூடம் வைத்து, காய் நறுக்கி, மாவு அரைத்து, வண்டியில் கிளைகளுக்கு அனுப்புகிறார்கள். பத்து இடத்திலும் ஒரே சுவை இருக்க வேண்டும், விலைப் பலகையும் ஒன்றே. கத்தரி 8 ரூபாய்க்கு விற்றாலும் 60 ரூபாய்க்கு விற்றாலும் சாப்பாட்டு விலையைத் தினமும் மாற்ற முடியாது. 1981-ல் சென்னை கே.கே. நகரில் ஒரே கடையாகத் தொடங்கிய சரவண பவன் வெளிநாடுவரை கிளை விட்டது. அப்படி வளரும் எந்த ஓட்டலுக்கும் சமையலைவிடப் பெரிய தலைவலி, நாளைக்கு வரவேண்டிய சரக்கு நாளைக்கு வருமா என்பதுதான். அவர் காசு கொடுத்து வாங்குவது காயோடு சேர்த்து அந்த நிச்சயத்தையும். விவசாயி விற்க வேண்டியதும் அதைத்தான்.

ஓட்டல் தொழிலில் பொதுவாகப் போடும் கணக்கு, 100 ரூபாய் பில்லில் பொருள் செலவு 30 முதல் 35 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது. மீதியில் கூலி, வாடகை, எரிவாயு, மின்சாரம், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் நிறுவனங்களுக்குக் கமிஷன் எல்லாம் போக மிஞ்சுவது லாபம். வாடகையைக் குறைக்க முடியாது, கமிஷனைக் குறைக்க முடியாது. கை வைக்கக்கூடிய இடங்கள் இரண்டுதான்: சரக்கின் விலை, சரக்குக்காரருக்குக் கொடுக்கும் பணத்தின் தவணை. 2013-ல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய்க்கும் சாம்பார் சாதம் 5 ரூபாய்க்கும் கொடுக்க முடிந்தது என்றால், இழப்பை அரசுப் பணம் தாங்கியது. தனியார் ஓட்டலில் அந்த இழப்பை யாராவது ஒருவர் தாங்க வேண்டும். ஒப்பந்தத்தைக் கவனமாகப் படிக்காவிட்டால் அந்த ஒருவர் விவசாயியாகத்தான் இருப்பார்.

இப்போது கத்தரிக் கணக்குக்கு வருவோம்.

நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு 10 டன் என்று வைத்துக்கொண்டால் 25 சென்ட்டில் இரண்டரை டன். நடவு செய்து 55, 60 நாளில் பறிப்பு தொடங்கும். அதிலிருந்து சுமார் 90 நாள் பறிக்கலாம். ஐந்து நாளைக்கு ஒரு பறிப்பு என்றால் 18 பறிப்பு, பறிப்புக்குச் சராசரி 140 கிலோ. இதில் சொத்தை, முற்றல், வளைந்தது போக ஓட்டலுக்குப் போகும் தரத்தில் 100-க்கு 70 தேறினால் நல்லது. அதாவது ஒரு பறிப்பில் 100 கிலோவுக்கு ஒட்டி வரும்.

இதைக் கவனித்துப் பாருங்கள். ஓட்டல் கேட்பது தினமும் 100 கிலோ. 25 சென்ட் வைத்திருப்பவர் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் 100 கிலோ கொடுக்க முடியும். ஐந்து பேர் தலா 25 சென்ட் நட்டு, ஒருவர் திங்கள், ஒருவர் செவ்வாய் என்று முறை வைத்துப் பறித்தால் வண்டி ஒரு நாளும் காலியாகப் போகாது. ஆறாவதாக ஒருவரை உபரிக்கு வைத்துக்கொள்வது நல்லது. முதல் பறிப்புகளிலும் கடைசிப் பறிப்புகளிலும் காய் குறையும், நடுவில் கூடும். நடவையே ஐந்தாறு நாள் இடைவெளி விட்டுச் செய்தால் இந்த ஏற்ற இறக்கம் கொஞ்சம் சமப்படும்.

அது மூன்று மாதத்துக்குத்தான். ஆண்டு முழுவதும் என்றால் இப்படி நான்கு தொகுதி வேண்டும். ஒரு தொகுதி காய்த்து ஓயும்போது அடுத்தது காய்ப்புக்கு வந்திருக்க வேண்டும். ஒரே நிலத்தில் கத்தரிக்குப் பின் கத்தரி நட்டால் வாடல் நோயும் நூற்புழுவும் குடியேறிவிடும். தக்காளியும் மிளகாயும் அதே குடும்பம் என்பதால் அவையும் உடனே ஆகாது. கத்தரி எடுத்த நிலத்தில் நெல்லோ நிலக்கடலையோ உளுந்தோ போய், அடுத்த ஆண்டு கத்தரிக்குத் திரும்புவதே முறை. ஆகவே நான்கு தொகுதி, தொகுதிக்கு ஐந்து துண்டு நிலம், மொத்தம் 20 துண்டு, 5 ஏக்கர். ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் இதைத் தனியாக ஏற்றுக்கொண்டால் ஆறாவது மாதம் கோயம்பேட்டில் காய் வாங்கி ஓட்டலுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். இப்படிச் சொந்தக் கையிலிருந்து போட்டு ஒப்பந்தத்தைக் காப்பாற்றப் போய்க் கடன்பட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

20 பேர் என்ற எண்ணிக்கை புதிதல்ல. 2017-18-ல் தமிழக அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 சிறு, குறு விவசாயிகள் சேர்ந்து ஓர் உழவர் ஆர்வலர் குழு, அப்படி ஐந்து குழு சேர்ந்து 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு என்று அமைத்தார்கள். குழுவுக்கு 5 லட்ச ரூபாய் தொகுப்பு நிதியும் கொடுத்தார்கள். பல ஊர்களில் அந்தப் பணத்தில் வாங்கிய உழவு இயந்திரம் மட்டும் இருக்கிறது, குழு தூங்குகிறது. தூங்கும் குழுவை எழுப்ப இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஊரில் அப்படி ஒன்று இல்லையென்றால், கம்பெனிச் சட்டப்படி 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்யலாம். ஆனால் 20 பேருக்காகப் புது நிறுவனம், தணிக்கையாளர், ஆண்டறிக்கை என்று இறங்குவது அதிகப்படி. பக்கத்தில் ஏற்கெனவே நடக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேர்ந்து, அதன் பெயரில் ஒப்பந்தம் போடுவது சுலபம்.

எப்போது தொடங்குவது என்பதையும் ஓட்டல்காரர் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது. நாற்றங்காலில் 30 நாளுக்கு மேல், நடவுக்குப் பின் 55 நாளுக்கு மேல். ஆக, முதல் லோடுக்கு மூன்று மாதம் முன்பே விதை மண்ணில் இருக்க வேண்டும். மார்கழி தொடக்கத்தில் நாற்று விட்டு, பொங்கலையொட்டி நட்டு, பங்குனியில் முதல் லோடு என்பதுதான் இந்தப் பகுதிக்குத் தோது. அப்படி வைத்தால் இரண்டாம் தொகுதி ஆனியிலும் மூன்றாவது புரட்டாசியிலும் நான்காவது மார்கழியிலும் காய்ப்புக்கு வரும். இதில் மூன்றாவதுதான் கண்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கத்தரி பூ உதிர்க்கும், தண்ணீர் நின்றால் வேர் அழுகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் என்ன செய்தது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அந்த மூன்று மாதத்துக்கு மேட்டு நிலம் உள்ளவர்களை மட்டும் சேர்க்க வேண்டும். மழை மாதங்களில் தினம் 60 கிலோ போதும் என்றும், புயல் வெள்ளத்தில் சரக்கு நின்றால் அபராதம் இல்லை என்றும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். மழை மாதத்துக்கு மாற்றுக் காய் என்ன என்பதை ஓட்டலின் தலைமைச் சமையல்காரரும் முன்கூட்டியே சொல்லட்டும். அதுவும் திட்டமிடல்தான்.

தொலைவில் ஓர் உதாரணம். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் இந்தியாவில் முதல் கடையை 1996 அக்டோபரில் டெல்லியில் திறந்தது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே விவசாயிகளையும் குளிர்பதன வண்டிக்காரர்களையும் தேடத் தொடங்கிவிட்டது. ரொட்டிக்குள் வைக்கும் ஐஸ்பெர்க் லெட்யூஸ் என்ற கோஸ் போன்ற கீரை அப்போது இங்கே ஆண்டு முழுவதும் கிடைக்கவில்லை. விதை, சாகுபடி முறை, அறுவடையிலிருந்து கடைவரை குளிர் விடாத வண்டி என்று ஒவ்வொன்றாக ஏற்படுத்திய பிறகுதான் கடை. அவர்கள் உணவை ஊரே சாப்பிட வேண்டும் என்பதல்ல இங்கே பேச்சு. வாங்குபவர் உண்மையாகவே நீண்ட நாள் வாங்க வந்திருக்கிறாரா என்பதற்கு இது ஓர் உரைகல். “அடுத்த வாரத்திலிருந்து அனுப்புங்கள்” என்பவருக்குக் கத்தரிச் செடியும் தெரியாது, கொள்முதலும் தெரியாது. “எந்த ரகம், எப்போது நடுவீர்கள், நாங்கள் வந்து பார்க்கலாமா” என்று கேட்பவரோடு உட்கார்ந்து பேசலாம்.

விலைக்கு வருவோம். ஆண்டு முழுவதும் 25 ரூபாய் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. கோயம்பேட்டுக்குப் போகும் வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன், சாக்கு எல்லாம் மிச்சம் என்றால் இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே விலை ஒப்பந்தம் உடைகிற இடம் எப்போதும் இரண்டு. மார்க்கெட்டில் 60 ரூபாய் விற்கும் நாளில் குழுவில் ஒருவர் இரவோடு இரவாக வியாபாரிக்குப் போட்டுவிடுவார். 8 ரூபாய் விற்கும் நாளில் ஓட்டல்காரருக்குத் திடீரென்று காயில் சொத்தை தெரியும். இருவருமே கெட்டவர்கள் அல்ல, ஒப்பந்தம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

இதைவிட நல்லது, 100 கிலோவில் 60 கிலோவுக்கு நிலையான விலை, 40 கிலோவுக்கு அன்றைய கோயம்பேடு மொத்த விலை. மார்க்கெட் 60 ரூபாயாக இருந்தால் விவசாயிக்குச் சராசரி 39 ரூபாய் கிடைக்கும். வெளியில் ஓடும் ஆசை பாதியாகக் குறையும். மார்க்கெட் 8 ரூபாயாக இருந்தால் சராசரி 18 ரூபாய் 20 பைசா; விவசாயி பிழைத்துக்கொள்வார், ஓட்டல்காரரும் மார்க்கெட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடமாட்டார். நிலையான விலை 25-தானா என்பதை அவரவர் சாகுபடிச் செலவைத் தேறும் காய்க்கு வகுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். பறித்த காய்க்கு வகுக்கக் கூடாது. 25 சென்ட்டுக்கு 28,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டால், பறித்த 2,500 கிலோவுக்குக் கிலோ 11 ரூபாய் 20 பைசாதான் அடக்கம் போலத் தெரியும். தேறிய 1,750 கிலோவுக்கு 16 ரூபாய். இந்தக் கணக்கில் வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் கூலி போட்டுத்தான் ஆக வேண்டும். பெண்கள் பறிக்கும் கூலியைக் கணக்கில் எழுதாமல் விட்டுவிட்டு லாபம் என்று சொல்வது இந்தப் பகுதியில் மட்டுமல்ல, எங்கும் இருக்கும் பழக்கம்.

தரம் பிரிப்பது எங்கே என்பது விலையைவிட முக்கியம். ஓட்டலின் பின்வாசலில் காலை 5 மணிக்கு யாரோ ஒரு பையன் கையால் ஒதுக்கும் காய்க்குக் கேள்வி கேட்க முடியாது. திரும்ப ஏற்றிவரவும் முடியாது. ஊரிலேயே, களத்திலேயே, ஓட்டலின் ஆள் ஒருவர் முன்னால் பிரித்து, எடை போட்டு, பிளாஸ்டிக் டிரேயில் அடுக்கி, சீட்டில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வண்டி கிளம்ப வேண்டும். காயின் நீளம், எடை, எந்த அளவு கீறல் பரவாயில்லை என்பதற்கு மாதிரிக் காயைப் படம் எடுத்து ஒப்பந்தத்தோடு வைத்துக்கொள்ளலாம். தேறாத காய்க்கும் வழி வேண்டும். முற்றல் மாட்டுக்குப் போகும். வளைந்ததும் பெரியதும் உழவர் சந்தையிலும் ஊர்ச் சந்தையிலும் விலைபோகும். ஓட்டல்காரரே பொரியலுக்கு, தொக்குக்கு என்று இரண்டாம் தரத்தைக் குறைந்த விலையில் எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. வெட்டிப் போடும் காய்க்கு உருவம் எதற்கு?

அடுத்து, அந்த 30 நாள் கடன். கேட்கச் சாதாரணமாக இருக்கும். தினம் 2,500 ரூபாய்ச் சரக்கு, மாதம் 75,000. மாதக் கடைசியில் பில் போட்டு அதிலிருந்து 30 நாள் என்றால், 1-ஆம் தேதி கொடுத்த காய்க்கு 60-ஆவது நாளில்தான் பணம் வரும். அன்றைக்குள் குழுவின் பணம் ஒன்றரை லட்ச ரூபாய் ஓட்டலில் நிற்கும். பறித்த பெண்களுக்குக் கூலி அன்றைக்கே கொடுக்க வேண்டும். உரக்கடைக்காரர் மாதம் காத்திருப்பார், வட்டியோடு. பல கிளை ஓட்டல்கள் புதுக் கிளை திறக்கும் பணத்தைச் சரக்குக்காரர்களின் பாக்கியிலிருந்து எடுப்பது தொழிலில் தெரிந்த விஷயம். ஒரு கிளை ஓடாவிட்டால் பாக்கியும் ஓடாது. ஆகவே வாரம் ஒருமுறை வங்கிக் கணக்கில் பணம், இரண்டு வாரம் தவறினால் சரக்கு நிற்கும் என்று எழுத வேண்டும். இதற்காகக் கிலோவுக்கு 1 ரூபாய் குறைத்துக் கொடுக்கச் சொன்னால்கூடக் கொடுத்துவிடலாம். தொடக்கத்தில் ஒரு வாரச் சரக்கின் மதிப்பை முன்பணமாகக் கேட்பதும் நியாயமே.

தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நாட்டிலேயே இதற்காகத் தனிச் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் இது. ஒப்பந்தத்தை அதற்கான அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்த நாளில் பேசிய விலையைச் சந்தை விழுந்தாலும் கொடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் விவரம் கிடைக்கும். பதிவு செய்யலாம் என்று சொன்னதும் வாங்குபவர் பின்வாங்கினால் அதுவும் ஒரு பதில்தான். இன்னொன்று: ஒப்பந்தம் காயைப் பற்றி மட்டும் இருக்க வேண்டும். குத்தகை, அடமானம், முதல் உரிமை என்று நிலத்தைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தாலும் கையெழுத்துப் போட வேண்டாம். சிப்காட்டை ஒட்டிய நிலத்தின் மேல் எத்தனை பேர் கண் என்பது கேள்வி கேட்டவருக்கே தெரியும்.

குண்டு நெல் பற்றியும் கேட்டிருக்கிறார். உண்மையில் கத்தரியைவிட இதுதான் பெரிய வாய்ப்பு. ஒரு கிளையில் நாளைக்கு 600 இட்லி என்றால் பத்துக் கிளையில் 6,000. 1 கிலோ அரிசிக்கு ஏறக்குறைய 45 இட்லி என்று வைத்தால் தினம் 133 கிலோ இட்லி அரிசி, ஆண்டுக்குச் சுமார் 49 டன். நெல்லாக 75 டன். ஏக்கருக்கு 2.2 டன் மகசூல் என்றால் 34 ஏக்கர், ஒரு போகம். ஒரு சின்ன ஏரியின் ஆயக்கட்டு போதும். நாலுக்கு ஒன்று என்ற அளவில் சேரும் உளுந்துக்கோ 45 ஏக்கருக்கு மேல் வேண்டும். நெல்லுக்குப் பின் உளுந்து போடும் விவசாயிகள் இதைக் கவனிக்கலாம்.

ஆடுதுறை 37, அம்பை 16 இரண்டும் இட்லிக்கு ஏற்ற குட்டையான, பருத்த அரிசி ரகங்கள். அறுவடை செய்த உடனே அரைத்தால் மாவு பிசுபிசுக்கும் என்று ஓட்டல்காரர்கள் பழைய அரிசி கேட்பார்கள். ஆகவே நெல்லைச் சில மாதம் வைத்திருந்து புழுங்கலாக்கிக் கொடுக்க வேண்டும். விலைக்கு அளவுகோல், அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம். 2025-26 பருவத்தில் ஊக்கத்தொகை சேர்த்துச் சாதா ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். 100 கிலோ நெல்லில் 65 கிலோ அரிசி என்றால் வெறும் நெல் விலையே அரிசிக் கிலோவுக்கு 38 ரூபாய் 46 பைசா வந்துவிடுகிறது. அவித்து அரைக்கும் கூலி, சாக்கு, எலி, வைத்திருக்கும் மாதங்களுக்கு வட்டி எல்லாம் அதற்கு மேல். இதற்குக் கீழே பேசும் ஓட்டல்காரரிடம் பேச வேண்டியதில்லை, கொள்முதல் நிலையம் இருக்கிறது. அரிசியாக விற்கும்போது 25 கிலோவரை முன்கூட்டியே பொதிந்து பெயர் ஒட்டிய மூட்டைக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு இல்லை. கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டை வந்ததன் ரகசியம் அதுதான். ஓட்டலுக்குப் பெரிய மூட்டையாகவே கொடுக்கலாம்.

தண்ணீர்தான் இந்த ஏற்பாடு நீடிக்குமா என்பதைத் தீர்மானிக்கும். மீஞ்சூர் பக்கம் கடல் நீர் நிலத்தடியில் உள்ளே வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. பூண்டியும், 2020-ல் திறந்த கண்ணன்கோட்டை-தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கமும் சென்னையின் குடிநீருக்கு. விவசாயிக்கு இருப்பது கிணறு. கத்தரிக்குச் சொட்டுநீர் போட்டால் தண்ணீரும் மிச்சம், களையும் குறைவு. சிறு, குறு விவசாயிகளுக்கு அது 100 சதவீத மானியத்தில் கிடைக்கிறது. அதைவிட அவசரம், தண்ணீரைப் பரிசோதிப்பது. தொழிற்பேட்டைக் கழிவு வாய்க்காலை ஒட்டிய கிணறாக இருந்தால் உப்புத் தன்மை மட்டும் பார்த்தால் போதாது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களுக்கும் பார்க்க வேண்டும். கீரை வகைகள் அவற்றை அதிகம் உறிஞ்சும் என்பதால், சந்தேகமான கிணற்றில் ஓட்டலுக்கு என்றில்லை, வீட்டுக்கும் கீரை போட வேண்டாம். எங்கே பரிசோதிப்பது என்பதற்குத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் வழி கேட்கலாம்.

தண்டு, காய்த் துளைப்பானுக்குப் பயந்து வாரம் இரண்டு முறை மருந்து அடிப்பவர் இந்தக் குழுவுக்கு ஆகாது. ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி, வாடிய நுனியைக் கிள்ளி அழிப்பது, தவிர்க்க முடியாமல் அடித்தால் டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியும்வரை பறிக்காமல் இருப்பது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவது. ஒருவரின் காயில் நஞ்சு மிச்சம் இருந்தால் 20 பேரின் ஒப்பந்தமும் போய்விடும்.

காய் ஏற்றிப் போகும் வண்டி திரும்பும்போது காலியாக வரத் தேவையில்லை. நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் நிறுவனங்கள் அதைப் பிரித்துக் கையாள வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் சொன்னதிலிருந்து ஓட்டல்களுக்குக் காய்கறிக் கழிவு ஒரு சுமை. தோல், காம்பு, தழை என்று சமைக்காத கழிவை மட்டும், பிளாஸ்டிக் கலக்காமல், டிரேயில் போட்டு அனுப்பச் சொன்னால் குழுவுக்கு மண்புழு உரம். சமைத்த மிச்சம் வேண்டாம். எண்ணெயும் உப்பும் உரக்குழியைக் கெடுக்கும்.

கடைசியாக, முழு நிலத்தையும் ஓட்டலுக்கு ஒதுக்குவது பற்றி. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மூடப்பட்டு மொத்தக் காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. செப்டம்பர் கடைசியில்தான் மீண்டும் திறந்தது. அதே ஆண்டு ஓட்டல்களில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பார்சல் மட்டும் என்றும் இருந்தது. ஆலைகள் நின்றால் கேண்டீன்களும் நிற்கும். அந்த மாதங்களில் ஒரே ஒரு இடத்துக்குப் போட்டவர்கள் காயைச் செடியிலேயே விட்டார்கள். தெருவில் விற்கத் தெரிந்தவர்கள் சமாளித்தார்கள். ஒன்றரை ஏக்கரில் ஓட்டல் கத்தரிக்கு 25 சென்ட், அதிகம் போனால் 50 சென்ட். ஒரு பகுதி குண்டு நெல். மீதியில் வெண்டை, நிலக்கடலை, வீட்டுக்கு வேண்டியது, உழவர் சந்தைக்கு நாலு காய்.

லாரி நிறுத்தும் வாடகை மாதா மாதம் வரும், உண்மைதான். ஆனால் ஜல்லி கொட்டி, 40 டன் வண்டி ஏறி இறங்கி, டீசலும் ஆயிலும் சொட்டிய மண்ணில் மறுபடி ஏர் ஓட்டுவது எளிதல்ல. அப்படி விடுவது என்று வீட்டில் முடிவானால், கிணறு இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து, சாலையை ஒட்டிய 20, 30 சென்ட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓட்டலோடு ஒரு கத்தரிப் பருவம் பழகிப் பார்த்து, வார வாரம் பணம் வருகிறதா என்று பார்த்த பிறகு மீதி நிலத்தைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கிறது.

வாசகர் கேள்வி: “பிளாஸ்டிக் தடைக்குப் பிறகு ஓட்டல்களில் வாழை இலை நிறைய கேட்கிறார்கள். பொன்னேரி பக்கம் இலைக்காக வாழை போடலாமா?”

2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய தட்டுகளும், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் தடை செய்யப்பட்டதிலிருந்து இலைக்குத் தேவை கூடியது சரி. இலைக்கென்றால் பூவன் ஏற்றது. ஆனால் பொன்னேரியில் கடற்காற்று இலையைக் கிழித்துவிடும். கிழிந்த இலைக்கு ஓட்டலில் இடமில்லை. தோட்டத்தைச் சுற்றிச் சவுக்கோ அகத்தியோ நெருக்கமாக வைத்து, அது ஆள் உயரம் வந்த பிறகு வாழைக்கன்று நட வேண்டும். இலைக்கு அறுக்கும் மரத்தில் நல்ல தார் எதிர்பார்க்க முடியாது, ஆகவே இலைக்கு வேறு, தாருக்கு வேறு என்று முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். முகூர்த்த மாதங்களில் இலை விலை ஏறும், ஆடியிலும் மார்கழியிலும் இறங்கும். ஓட்டலுக்கு ஆண்டு முழுவதும் ஒரே விலையில் கொடுக்க ஒத்துக்கொள்வதானால், முகூர்த்த நாட்களுக்கு எத்தனை இலை வெளியில் விற்றுக்கொள்ளலாம் என்பதையும் பேசிவிட வேண்டும். முதல் ஆண்டு 25 சென்ட்டுக்கு மேல் வேண்டாம்.